ஈயம் என்னும் ஒரு பெயரும் மூவகை உலோகமும்

நம் இல்லங்களில் ஈயம் என வழங்கிய சொல் ஒன்றே. அச்சொல்லாற் குறிக்கப்பெற்ற உலோகங்களோ மூன்று. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று, இவற்றோடு யாதோர் உறவுமில்லாத அலுமினியம் மற்றொன்று. இப்பெயர் மயக்கத்தால் நம் அடுக்களைகளில் நேர்ந்ததனைச் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் முன்னோர் புழங்கிய பாத்திரங்களுட் பித்தளை பெரும்பான்மை. புளியும் மோரும் அதிற் படின் செம்பு கரைந்து களிம்பேறும்; உண்டார்க்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாம். இதனைத் தடுக்கவே உட்புறம் வெள்ளீயம் பூசும் கலாய்த்தொழில் வழங்கிற்று. கலாய்க்காரர் தெருவிற் குழிதோண்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தை நன்கு காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தை ஒற்றிப் பஞ்சினால் ஒரு சுற்றுத் தேய்ப்பர். மஞ்சள் மறைந்து வெள்ளிபோல் ஒளிரும். சிறுவர் கூடி நின்று வியப்பதும் உண்டு. வெள்ளீயம் 232 பாகை சென்டிகிரேடிலேயே உருகுவதாகலின் இஃது எளிதிற் கைகூடிற்று. ரசம் வைக்கும் ஈயச்செம்பிற்கு அக்குணமே பகையுமாயிற்று. வெறுஞ்செம்பை அடுப்பேற்றி மறந்து, மீண்டு வந்து சாம்பலில் ஈயக்கட்டியைக் கண்டு கலங்கிய மருமக்கள் பலர்!

வெள்ளீயம் மலேயா முதலிய இடங்களினின்று கடல்கடந்து வருவது, விலை மிகுந்தது. காரீயமோ மலிவு. பெயரும் நிறமும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தலின், இதனை அதனிற் கலப்பது எளிதாயிற்று. கலந்தவழி இன்னும் குறைந்த சூட்டிலே உருகுவதால் பூசுவார்க்கும் வசதி. ஆனால் காரீயம் புளிச்சாற்றிற் கரைந்து உடலிற் சேர்வது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. வெள்ளீயக் கோலை வளைத்தால் மெல்லிய கிறீச்சொலி எழும். காரீயம் ஓசையின்றி வளையும், காகிதத்திற் கருங்கோடு இடும். கலப்புச் சிறிதாயின் இச்சோதனைகள் உதவா. இரசாயன ஆய்வே வேண்டும்.

தகரம் என்பதும் பண்டு வெள்ளீயத்தின் பெயரே. பின்னர் அது பூசிய இரும்புத் தகட்டிற்கும், மண்ணெண்ணெய் டின்னுக்கும் ஆயிற்று.

1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரஞ் செய்விக்கத் தொடங்கினார். இலேசானது, கலாய் வேண்டாதது. நம் பெண்டிர் வெண்ணிறங் கண்டு அதனையும் 'ஈயப் பாத்திரம்' என்றே அழைத்தனர். அதன்பின் எவர்சில்வர் வந்தது. 1981-இல் சேலம் உருக்காலை அத்தகடு உருட்டத் தொடங்குமுன்பே அது நம் சீர்வரிசையில் இடம்பெற்றிருந்தது. கலாய்க்காரர் குரல் தெருக்களில் அருகிற்று. அவர் பிழைப்புப் போனதற்கு நாம் வருந்தியதாகவும் நினைவில்லை.

இப்போது பித்தளையும் ஈயச்செம்பும் மீண்டும் விரும்பப்படுகின்றன. சென்ற திங்கள் நாமும் பரணிலிருந்து பாட்டியார் காலத்துச் செம்பொன்றை இறக்கிக் காகிதத்தில் தேய்த்துப் பார்த்தோம். கருங்கோடு விழுந்தது. மூன்று தலைமுறை ரசம் அதிற் கொதித்ததை எண்ணிச் சிறிது நேரம் பேச்சற்றிருந்தோம். இப்போது அது கூடத்து மாடத்தில் வெறுமனே இருக்கிறது.