சந்திரலேகா: கதை சொல்லாத நடனம்

சந்திரலேகா (1928–2006) சென்னையில் வாழ்ந்த நடன அமைப்பாளர். மகாராஷ்டிரத்தின் வாடா என்னும் ஊரில் பிறந்தவர். இளம் வயதில் சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதநாட்டியம் கற்றார்.

அவர் கற்ற காலத்தில் நடனத்தை அமைப்பது நட்டுவனாரின் பொறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் வகுத்த வரிசைப்படி, அலாரிப்பில் தொடங்கி வர்ணத்தில் விரிந்து தில்லானாவை அடையும் கச்சேரியை ஒருவரே ஆடுவார். அந்த வரிசையே கலையின் முழு வடிவம் என்று பாலசரஸ்வதி உறுதியாக நின்றார். ருக்மிணி தேவி வேறு வழியில் சென்றார். கலாக்ஷேத்ராவில் 1944-இல் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றி, பலர் சேர்ந்து ஆடும் நாட்டிய நாடகங்களை உருவாக்கினார். சந்திரலேகா இருவரையும் மதித்தார். ஆனால் இரு வழிகளிலும் பாட்டின் பொருளையும் புராணக் கதையையும் சுமக்கும் வேலை உடலுக்கு இருந்தது. அதுதான் அவருக்குச் சிக்கலாயிற்று.

அச்சிக்கலின் தொடக்கம் 1952-இல் நடந்த அவரது அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ என்ற உருப்படியில் யமுனையின் நீர்ப்பெருக்கையும் தோழியரின் நீர்விளையாட்டையும் அபிநயித்துக்கொண்டிருந்தபோது, நாளிதழ்களில் பார்த்த வெடித்த நிலமும் தண்ணீருக்குத் தகரக் குவளைகளுடன் நின்ற மக்கள் வரிசையும் அவர் நினைவுக்கு வந்தன. ஆடுவதற்கும் வாழ்வதற்கும் நடுவே உள்ள இடைவெளி அன்று அவருக்குத் தெரிந்தது. உடனே ஆட்டத்தை விட்டுவிடவில்லை. பின்னாளில்தான் மேடையிலிருந்து விலகினார். எழுத்து, ஓவிய வடிவமைப்பு, பெண்கள் இயக்கப் பணி என ஆண்டுகள் கழிந்தன. 1984-இல் பம்பாயில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பின் வழியே மேடைக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு வந்த ‘அங்கிகா’தான் திருப்புமுனை. களரிப்பயிற்சியின் விலங்கு நிலைகளையும் பரதத்தின் அடவுகளையும் அதில் அருகருகே வைத்தார். அரைமண்டி அவருக்கு வெறும் தொடக்க நிலை அன்று. முழங்கால்கள் இருபுறமும் விரிய, உடலின் எடை இடுப்பில் இறங்கித் தரையோடு சேரும் ஒரு வடிவியல். ‘லீலாவதி’யில் (1989) பாஸ்கராசாரியரின் கணக்குகளை ஆட வைத்தார். ‘ஸ்ரீ’யில் (1991) வளைந்து குனிந்த பெண்களின் முதுகெலும்பு மெல்ல நிமிர்கிறது. கதாபாத்திரம், நகைகள், மேடையில் நடராஜர் சிலை எதுவும் இல்லை.

‘இது பரதமா?’ என்று சபா வட்டாரத்தில் கேட்டார்கள். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாலசரஸ்வதி ஒரே வரியைப் பத்து விதமாக விரித்துக் காட்டிய அபிநயத்துக்கு இந்த மேடையில் இடமில்லை, அது இழப்புதான். ஆனால் அடவின் சுத்தத்தில் சந்திரலேகா சலுகை காட்டியதே இல்லை. பழைய பயிற்சியின் எலும்பை அவர் வைத்துக்கொண்டார், சதையைத்தான் களைந்தார் என்பதே பொருத்தமான மதிப்பீடு.

‘சரீரா’ (2001) அவரது கடைசிப் படைப்பு. குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசையில் ஒரு பெண்ணும் களரி பயின்ற ஓர் ஆணும் மிக மெதுவாக அசைகிறார்கள். 2004-இல் சங்கீத நாடக அகாதெமி அவருக்குத் தன் ஃபெலோஷிப்பை அளித்தது.