நகையை வைக்காதே, கண்ணு!

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளை இருந்தால் அவசியம் படிக்கச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் ஒரு போன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "டீச்சர், என் கட்டுரையை வெளிநாட்டு ஜர்னல் ஏத்துக்கிட்டாங்க" என்றாள். சந்தோஷப்பட்டு வாழ்த்துச் சொல்வதற்குள் குரல் இறங்கியது. "ஆனா ரெண்டு லட்சத்துக்கு மேல கட்டணும்னு மெயில் வந்திருக்கு. அம்மா நகையை வச்சுக்கலாம்னு சொல்றாங்க."

"இரு கண்ணு, நகையை வைக்காதே. ரெண்டு நாள் டைம் கொடு" என்றேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்தவள். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் வரலாறு படிக்கும் பழக்கம் உண்டு. எழுதியவரே பணம் கட்டும் வழக்கம் எப்போது வந்தது என்று தேடிப் பார்த்தேன். அந்தக் கதைதான் இது.

1665 மார்ச்சில் லண்டனில் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 'பிலசாபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற அறிவியல் இதழைத் தொடங்கினார். தம் சொந்தப் பொறுப்பில் நடத்தினார். லாபம் வரும் என்று எதிர்பார்த்தார். பெரிதாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் 1752இல் சொசைட்டியே இதழை ஏற்று நடத்த ஆரம்பித்தது. தனி மனிதனின் சட்டைப்பையால் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். பிப்ரவரி 28 என்றால் என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். அறிவியல் நாள்! 1928இல் கல்கத்தாவில் சர் சி.வி.ராமன் தம் கண்டுபிடிப்பை உறுதி செய்த நாள். அதை அவர் விரிவாக எழுதி வெளியிட்டது 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில். அவர் ஆய்வு செய்துவந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் இதழ் அது. கட்டுரையின் பிரதிகளை உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1930இல் நோபல் பரிசு வந்தது. அறிவைப் பரப்புவது சங்கத்தின் வேலை என்று அன்றைக்கு நினைத்தார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நிலைமை மாறியது. ராபர்ட் மேக்ஸ்வெல் என்பவர் 1951இல் பெர்கமான் பிரஸ் என்ற பதிப்பகத்தைக் கையில் எடுத்து, துறைக்கு ஒன்றாகப் புதுப்புது இதழ்களைத் தொடங்கினார். கட்டுரை எழுதுபவருக்குச் சம்பளம் இல்லை. சரிபார்க்கும் சக ஆய்வாளருக்கும் சம்பளம் இல்லை. வாங்குவதோ நூலகம், ஓர் இதழுக்குப் பதில் வேறொன்றை வாங்கி ஈடுகட்டவும் முடியாது. விலை ஏறிக்கொண்டே போனது. 1991இல் பெர்கமானை எல்சவியர் வாங்கியது. பேராசிரியர் எழுதியதை அவருடைய பல்கலைக்கழகமே காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்க முடியாத ஊரில் அது பூட்டிக் கிடக்கும்.

இதை எதிர்த்து 2002 பிப்ரவரியில் புடாபெஸ்டிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டும் என்றது. இதைத்தான் ஓப்பன் ஆக்சஸ், திறந்த அணுக்கம் என்கிறார்கள். அதற்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, கட்டுரையின் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைப்பது. மற்றது, படிப்பவரிடம் காசு வாங்காத இதழ்களை நடத்துவது.

அந்த இரண்டாவது வழியில்தான் சிக்கல். படிப்பவர் தராவிட்டால் யார் தருவது? 2003இல் தொடங்கிய 'பிளாஸ் பயாலஜி' இதழ், ஒரு கட்டுரைக்கு 1,500 டாலர் என்று எழுதுபவர் பக்கம் கட்டணம் வைத்தது. முடியாதவர்களுக்கு விலக்கும் கொடுத்தது. பெரிய பதிப்பகங்களும் இதைப் பிடித்துக்கொண்டன. 'நேச்சர்' இதழ் 2021 முதல் இதற்கு 9,500 யூரோ என்று அறிவித்தது. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேல்! வாசகன் வீட்டு வாசலில் இருந்த சுங்கச்சாவடியை எழுத்தாளன் வீட்டு வாசலுக்கு மாற்றிவிட்டார்கள்.

இங்கேதான் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. 2009 செப்டம்பரில் கார்னெல், டார்ட்மத், ஹார்வர்ட், எம்.ஐ.டி., பெர்க்லி ஆகிய ஐந்தும் ஓர் ஒப்பந்தம் செய்தன. சந்தா கட்ட நூலகம் உதவுவதுபோல, திறந்த இதழில் எழுதும் தன் ஆய்வாளருக்கும் பல்கலைக்கழகம் கட்டணம் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

அடுத்து கலிபோர்னியா பல்கலைக்கழகம். பத்து வளாகங்கள், அமெரிக்க ஆய்வுக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று அங்கிருந்துதான் வருகிறது. "படிக்கவும் பணம், எழுதவும் பணம் என்று இரண்டு முறை தரமாட்டோம். இரண்டையும் ஒரே கணக்கில் சேருங்கள்" என்று எல்சவியரிடம் கேட்டது. பேச்சு முறிந்தது. அதுவும் ஒரு பிப்ரவரி 28தான், 2019இல்! புதிய இதழ்கள் நின்றன. ஆய்வாளர்கள் வேறு நூலகங்களில் இரவல் வாங்கினார்கள். எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்டார்கள். இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார்கள். 2021 மார்ச்சில் உடன்பாடு வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் 1,000 டாலரை நூலகம் தரும். மீதியை ஆய்வு நிதியிலிருந்து கட்டலாம். நிதி இல்லாதவருக்கு முழுத் தொகையையும் நூலகமே ஏற்கும்.

நம் நாட்டில் 2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்வி நிறுவனங்களில் உள்ளவர்கள் படிக்கலாம். நல்ல காரியம். ஆனால் இது முக்கியமாகப் படிப்பதற்கான ஏற்பாடு. எழுதுபவரின் கட்டணம் இன்னும் பல பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது.

சரி, நம் பெண் கதைக்கு வருகிறேன். "முதலில் உன் நெறியாளரையும் நூலகரையும் பார்" என்றேன். நூலகர் மெயிலை முழுதாகப் படித்தாராம். அந்த இதழில் இரண்டு வழியும் உண்டு. திறந்த வழி என்றால் கட்டணம். பழைய சந்தா வழி என்றால் எழுதுபவர் ஒரு ரூபாயும் தர வேண்டாம். அவள் பார்த்தது முதல் வழியை மட்டும். இப்போது சந்தா வழியில் வெளிவருகிறது. ஏற்கப்பட்ட பிரதியை, இதழ் சொல்லும் காலக்கெடு முடிந்ததும், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போடவும் அனுமதி இருக்கிறதாம். புடாபெஸ்டில் சொன்ன முதல் வழி! நகை பீரோவிலேயே இருக்கிறது.

பிள்ளைகளே, பணம் கேட்டு மெயில் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள். கட்டாயமா, விலக்கு உண்டா, பல்கலைக்கழகத்தில் நிதி உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பேராசிரியராக இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மூன்று கேள்வியையும் உங்களிடம் ஆய்வு செய்ய வரும் பிள்ளைக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுங்கள். ராமனின் கட்டுரையை உலகத்துக்குக் கொண்டுபோனது ஒரு சங்கம். நம் பெண்ணின் கட்டுரைக்கு அவள் அம்மாவின் கழுத்துச் சங்கிலியா போக வேண்டும்?

அன்புடன்,
உங்கள் டீச்சர்