ஐந்து வாட் போதுமா? – தூக்கிச் செல்லும் ஒரு சின்ன செட்டின் கதை



பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் நம் கல்லூரியின் ஹாம் ரேடியோ அறையை மறுபடியும் திறப்பது, அதற்கு நம் சங்கத்தின் சார்பில் ஒரு டிரான்ஸ்சீவர் வாங்கித் தருவது என்று கமிட்டியில் முடிவானது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்த செட் வாங்குவது என்பதில்தான் தகராறு. "நூறு வாட் செட்டா வாங்கிப் போடுங்கப்பா. அஞ்சு வாட்டெல்லாம் பொம்மை" என்றார் ஒரு சீனியர் அண்ணன். "இல்லண்ணே, பையில போட்டுத் தூக்கிக்கிட்டுப் போற செட்டுதான் நமக்கு வேணும்" என்றேன் நான். "அப்படின்னா ஏன்னு மலர்ல எழுதிக் குடு தம்பி, எல்லாரும் படிச்சிட்டு முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டேன். அதன் விளைவுதான் இக்கட்டுரை.

வேறு பிரிவுகளில் படித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹாம் ரேடியோ என்பது அரசாங்கத்திடம் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்த செட்டில், லாப நோக்கம் இல்லாமல் மற்ற ஹாம்களோடு பேசுவது. ஒலிபரப்பவும் கேட்கவும் ஒரே பெட்டி என்றால் அது டிரான்ஸ்சீவர். ஐந்து வாட் அளவில் வேலை செய்வதைக் 'குறைந்த சக்தி' என்கிறோம். மேஜை மேல் வைக்கும் வழக்கமான செட்டுகள் நூறு வாட்.

நாற்பது வாட்டில் தொடங்கிய சென்னை

இந்தியாவில் முதல் அமெச்சூர் லைசென்ஸ் 1921-ல் அமரேந்திர சந்திர குப்தா என்பவருக்குக் கிடைத்தது. அவரது அழைப்புக்குறி 2 ஜே.கே. அதே ஆண்டில் முகுல் போஸ், 2 எச்.க்யூ. அப்போது கடையில் போய் செட் வாங்கும் பேச்சே இல்லை. செய்துகொண்டால் உண்டு.

நம் சென்னை சும்மா இருக்கவில்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, அதே ஆண்டில் ஒலிபரப்பையும் ஆரம்பித்தது. முதலில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமா? 40 வாட்! நம் தாத்தா வீட்டுக் கூடத்தில் தொங்கிய குண்டு பல்பின் அளவு. பணமில்லாமல் 1927-ல் கிளப் நின்றுபோனது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930-ல் மாநகராட்சி வானொலியாக மறுபடி பேசியது. சக்தி குறைவு என்பதால் அது நிற்கவில்லை, சந்தா குறைந்ததால் நின்றது என்பதைக் கமிட்டி கவனிக்க வேண்டும்!

1939-ல் யுத்தம் வந்தது. அமெச்சூர் ஒலிபரப்புக்குத் தடை விழுந்தது. ஆனால் 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது, பம்பாயில் ரகசிய காங்கிரஸ் ரேடியோ பேசத் தொடங்கியது. அதன் குரல் உஷா மேத்தா, அப்போது வயது 22. டிரான்ஸ்மிட்டர் விஷயத்தில் உதவியவர்களில் ஒருவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம். போலீஸ் கண்டுபிடித்துவிடாமல் இருக்க அவர்கள் அடிக்கடி வீடு மாற்றினார்கள், செட்டும் கூடவே மாறியது. நவம்பர் 12-ல் பிடிபட்டார்கள். நம் நாட்டில் செட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியம் முதலில் பொழுதுபோக்குக்காக வரவில்லை, சுதந்திரத்துக்காக வந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதே காலத்தில் ஐரோப்பாவில், ஜெர்மானியர் பிடித்த நாடுகளுக்குள் பிரிட்டன் அனுப்பிய ரகசிய செட்டுகளில் ஒன்று 'பாராசெட்'. மூன்றே வால்வு, சுமார் ஐந்து வாட், மோர்ஸ் மட்டும். அதை வைத்துக் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செய்தி போனது. இன்று ஐந்து வாட்டைப் பொம்மை என்கிறோம். அன்று அதற்காக உயிரையே பணயம் வைத்தார்கள்.

மூர் மார்க்கெட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு

சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் உருவானது. ஆனால் செட்டுக்கு எங்கே போவது? அந்நியச் செலாவணி கிடையாது, இறக்குமதி லேசில் நடக்காது. ராணுவம் கழித்துப் போட்ட பழைய சாமான், 807 வால்வு, தானே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர், இவைதான் கதி. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போகும்வரை அங்கே பழைய ரேடியோ சாமான் தேடி அலைந்த கதையை நம் மூத்த சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு எல்லோருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்.

வெளிநாட்டில் 1970-களின் தொடக்கத்திலேயே டிரான்சிஸ்டரில் சின்ன செட்டுகள் வந்துவிட்டன. டென்-டெக் நிறுவனத்தின் ஆர்கோநாட், ஹீத்கிட்டின் எச்.டபிள்யூ-7 எல்லாம் அந்தக் காலத்தவை. 1974-ல் பிரிட்டனில் ஜார்ஜ் டாப்ஸ் என்ற பாதிரியார் குறைந்த சக்திக்காகவே ஒரு கிளப் தொடங்கினார். அவர்கள் விருப்பத்தினால் குறைந்த சக்திக்கு வந்தார்கள். நம்மவர்கள் வேறு வழியில்லாமல் அதிலேயே இருந்தார்கள்.

வழியில்லாததையே வழியாக மாற்றியவர் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான், வி.யு.2 இ.எஸ்.இ. 2003 வாக்கில் அவர் வெளியிட்ட 'பிட்எக்ஸ்' என்ற வரைபடம் உலகம் சுற்றியது. 14 மெகாஹெர்ட்ஸ், ஆறு வாட், குரலில் பேசலாம். அதன் அழகு எதில் என்றால், இந்தியாவில் எந்த ஊரிலும் கிடைக்கும் சாமானை வைத்தே செய்துவிடலாம். விசேஷமான காந்த வளையம் கிடைக்கவில்லையா? குழாயில் போடும் வாஷர் மேல் சுருளைச் சுற்று! கடைசிக் கட்டத்துக்கு விலையுயர்ந்த ஆர்.எஃப். டிரான்சிஸ்டர் இல்லையா? சுவிட்ச் வேலைக்கு விற்கும் ஐ.ஆர்.எஃப். 510 போடு! ஒலிக்கு எல்.எம். 386. ஒரே பெருக்கிகள் கேட்கும்போது ஒரு திசையிலும், பேசும்போது எதிர்த் திசையிலும் வேலை செய்யும். நம் லேப் மானுவலில் இதைவிட நல்ல பாடம் ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நானும் இறுதி ஆண்டில் அதையே செய்தேன். சுருள்களை மாற்றிச் சுற்றி 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தேன். எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்ததால் ஹாஸ்டலில் அதற்கு 'சாம்பார்' என்று பெயர். சாம்பாரில் கேரளாவும் பெங்களூரும் பேசின.

சுனாமியில் பேசியது

2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமான் போயிருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்களுக்கு அந்தமானோடு பேசும் அபூர்வ வாய்ப்புத் தருவதுதான் நோக்கம். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. மற்ற தொடர்புகள் அற்றுப்போன நேரத்தில், பொழுதுபோக்காகக் கொண்டுபோன செட்டே போர்ட் பிளேருக்கும் இந்தியாவின் மறுகரைக்கும் நடுவே நலச் செய்திகளைச் சுமந்தது. இலங்கையிலும் கொழும்பு ஹாம்கள் அம்பாந்தோட்டைக்கு ஷார்ட்வேவ் செட் கொண்டுபோய்த் தலைநகரோடு பேசினார்கள். இரண்டு இடத்திலும் உதவியது எடுத்துக்கொண்டு போகக்கூடிய செட்டும், அதைக் கையாளப் பழகிய ஆளும்.

மண்ணூரில் நான் கற்ற பாடம்

இனி என் சொந்தக் கதை. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

தண்டலத்திலிருந்து பேரம்பாக்கம் போகும் சாலையில் இருக்கிறது மண்ணூர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். நோக்கியா 2006 முதல் 2014 வரை கோடிக்கணக்கில் கைபேசி செய்த பேட்டை இது. 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி உயிரிழந்த இடத்து நினைவிடமும் பக்கத்திலேயே. அவரும் லைசென்ஸ் பெற்ற ஹாம், வி.யு.2 ஆர்.ஜி. என்பது அந்த வழியாகத் தினம் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை கிடைத்து, 2014-ல் கையில் முதல் போனஸ் வந்ததும் எனக்கு ஆசை வந்தது. சாம்பாரை ஒரு ஜூனியருக்குச் சும்மா கொடுத்துவிட்டு, செகண்ட் ஹாண்டில் நூறு வாட் செட் ஒன்று வாங்கினேன். பெரிய டயல், பளபளவென்று விளக்கு. மண்ணூர் வாடகை அறையில் அதை வைத்து அழகு பார்த்தேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49. இரவு கரண்ட் போனது. மறுநாள் காலை கைபேசியில் சிக்னலே இல்லை. 'நம்மகிட்ட செட் இருக்கே' என்று தைரியமாக யு.பி.எஸ்.ஸைத் திறந்து 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியை எடுத்து மாட்டினேன். அது ஏற்கெனவே ராத்திரி பாதி தீர்ந்திருந்தது. என் பெரிய செட்டோ சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே சுமார் ஒரு ஆம்பியர் குடிக்கும். முழுச் சக்தியில் பேச இருபது ஆம்பியர் வேண்டும். பெங்களூர் நிலையம் ஒன்று சென்னை ஆட்களை அழைப்பது தெளிவாகக் கேட்டது. சக்தியைக் குறைத்து வைத்துப் பொத்தானை அமுக்கினேன். வோல்டேஜ் சரிந்து செட் அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. கேட்கிறது, பதில் சொல்ல முடியவில்லை. அந்த அரை மணி நேரம் போல நான் எப்போதும் அவமானப்பட்டதில்லை.

ஊரில் அம்மாவுக்கு என் குரல் கேட்டது மூன்றாம் நாள்தான். அதுவரை அடுப்பு மூட்டவில்லை என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

சாம்பார் என்ன ஆனது? தாம்பரம் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னை மரத்துக்கும் நடுவே கம்பி கட்டி, பைக் பேட்டரியில் என் ஜூனியர் அதை ஓட்டியிருக்கிறான். அந்த வீட்டில் ஒதுங்கிய பதினோரு பேரின் 'நலம்' என்ற செய்தி கோயம்புத்தூர் ஹாம் ஒருவர் மூலம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "அண்ணே, உங்க சாம்பார் கொதிச்சுது" என்று போனில் சொன்னான். எனக்குப் பேச்சு வரவில்லை.

சரி, எதை வாங்கலாம்?

முதலில் அண்ணனின் கேள்விக்குக் கணக்கு. நூறுக்கும் ஐந்துக்கும் இருபது மடங்கு வித்தியாசம்; டெசிபலில் 13. எதிர்முனை மீட்டரில் ஒரு எஸ் அளவு என்பது ஆறு டெசிபல். ஆகவே நூறு வாட்டில் எஸ்-9 காட்டினால் ஐந்து வாட்டில் எஸ்-7-க்குச் சற்றுக் கீழே. குரல் மெலிகிறது, மறைவதில்லை. மோர்ஸ் என்றால் இன்னும் நன்றாகவே எடுபடும். 7 மெகாஹெர்ட்ஸில் பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் கம்பியைத் தாழ்வாகக் கட்டினாலே, பகல் நேரத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேசலாம். கம்புக்குச் சவுக்கு போதும்.

சந்தையில் வந்த சின்ன செட்டுகளையும் பார்த்துவிடுவோம். யேசுவின் எஃப்.டி.-817 இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஐந்து வாட், சுமார் 1.2 கிலோ, எல்லா அலைவரிசையும் உண்டு. ஆனால் கேட்கும்போதே அரை ஆம்பியரை நெருங்கும். அதன் வாரிசான 818-ன் தயாரிப்பு 2022 முடிவில் நின்றுவிட்டது. எலிகிராஃப்ட்டின் கே.எக்ஸ்-2 (2016) 400 கிராம்கூட இல்லை, கேட்க 0.135 ஆம்பியர்தான். ஐகாமின் ஐ.சி.-705 (2020) தன் பேட்டரியில் ஐந்து வாட், வெளி மின்சாரத்தில் பத்து. எல்லாம் அருமையான செட்டுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் இறக்குமதி, அனுமதி, சுங்கம் எல்லாம் உண்டு, கெட்டுப்போனால் கடல் தாண்டி அனுப்ப வேண்டும்.

ஃபர்ஹானின் வழி நிற்கவில்லை. 2016-ல் பிட்எக்ஸ்-40, 7 மெகாஹெர்ட்ஸுக்கு, சுமார் ஏழு வாட். 2017 முடிவில் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும் மைக்ரோ-பிட்எக்ஸ். வரைபடம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நம் மாணவர்கள் அதைத் திறக்கலாம், எரித்துவிடலாம், மறுபடி சரிசெய்யலாம். கல்லூரிக்கு வேண்டியது அதுதானே?

ஆகவே எந்த செட் ஆனாலும் மூன்று கேள்வி கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒன்று, சும்மா கேட்டுக்கொண்டிருக்க எத்தனை ஆம்பியர் குடிக்கும்? கரண்ட் இல்லாத நாளில் நாம் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம். 0.15 ஆம்பியர் செட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி நாற்பது மணி நேரத்துக்கு மேல் கேட்கும், என் பெரிய செட் ஏழு மணி நேரம்கூடத் தாங்காது. இரண்டு, கெட்டுப்போனால் ரிச்சி ஸ்ட்ரீட் சாமானை வைத்து நம் பிள்ளைகளே சரிசெய்ய முடியுமா? மூன்று, முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி தனியாகத் தூக்கிப் போய், கம்பி கட்டி, அரை மணியில் பேச முடியுமா?

இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' சொல்லும் திறந்த வரைபட செட் ஒன்று, லித்தியம் பேட்டரி ஒன்று, ஒரு சுருள் கம்பி. மீதிப் பணத்தில் வருடத்துக்குப் பத்து மாணவர்களுக்கு லைசென்ஸ் தேர்வுக் கட்டணமும் மோர்ஸ் வகுப்பும். லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாத அறையில் நூறு வாட் இருந்தென்ன, ஆயிரம் வாட் இருந்தென்ன?

நம் அறை பூட்டிக்கொண்டது செட் இல்லாததால் அல்ல. கடைசி லைசென்ஸ்காரர் படிப்பு முடித்துப் போனபோது அடுத்தவரைத் தயார் செய்யாமல் போனார். அந்தக் கடைசி ஆள் நான்தான்.

ஆகவே, மண்ணூரிலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை நான் கல்லூரிக்கு வந்து மோர்ஸ் சொல்லித் தரத் தயார். ஜூனியரும் வருகிறேன் என்கிறான், சாம்பாரையும் கொண்டுவருவானாம். சீனியர் அண்ணனுக்கும் அன்புடன் அழைப்பு. ஒரு நாள் மொட்டைமாடிக்கு வாருங்கள், ஐந்து வாட்டில் உங்கள் பேட்ச் நண்பரோடு பேச வைக்கிறேன்.

ஹாம்கள் விடைபெறும்போது 73 என்பார்கள். 'அன்பான வாழ்த்துகள்' என்று பொருள். எல்லோருக்கும் 73.