ஒரு மூடி பெட்ரோல்

ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லையில் இலங்கை அகதிகள் முகாம் ஒன்று இருக்கிறது. லேணாவிளக்கு, அழியாநிலை என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறு முகாம்களும் உண்டு. அந்த முகாமுக்கு அருகே ஒரு டீக்கடையில், பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து என் பைக் நின்றுபோனதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்தார். “பெற்றோல் முடிஞ்சால் வண்டி நிண்டிடுமெண்டு ஆர் தம்பி சொன்னது? நான் அஞ்சு வருசம் மண்ணெண்ணெயில கார் ஓடினனான்.”

அடுப்புக்கும் விளக்குக்கும் ஊற்றுகிற அதே மண்ணெண்ணெய். கேட்டால் கதை விடுகிறார் என்றுதான் தோன்றும். ஆனால் யாழ்ப்பாணத்தில் 90களில் வாழ்ந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் இலங்கை அரசு வடக்கின்மேல் பொருளாதாரத் தடை போட்டது. பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட், உரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. கரண்டும் போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து கொஞ்சம் வந்தது. வெளியே வாங்கினால் பல மடங்கு விலை. தடை முழுசாக விலகியது 2002 போர்நிறுத்தத்தின்போதுதான்.

மண்ணெண்ணெயில் கார் ஓடுவதில் மந்திரம் எதுவும் இல்லை. பெட்ரோல் குளிரிலும் ஆவியாகும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். எஞ்சின் சூடாகிவிட்டால் அதுவும் ஆவியாகி எரியும். ஆக, பிரச்சினை அந்த முதல் சில நிமிடங்கள்தான். பழைய ஃபெர்குசன் டிராக்டர்களில் சில இந்தக் கணக்கில்தான் செய்யப்பட்டன: ஸ்டார்ட் பண்ணச் சின்ன டேங்கில் பெட்ரோல், உழுவதற்குப் பெரிய டேங்கில் மண்ணெண்ணெய் மாதிரியான மலிவு எரிபொருள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் அந்தச் சின்ன டேங்கைக் கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் போத்தலாக மாற்றிக்கொண்டார்கள். பானெட்டைத் திறந்து, கார்பரேட்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சி, எஞ்சின் உறுமியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவது.

“ஒரு மூடி காணும்” என்றார். போத்தல் மூடியைத்தான் சொல்கிறார். அவ்வளவு பெட்ரோலும் தங்க விலை.

எல்லாக் காரிலும் இது நடக்காது. அவர் ஓட்டியது ‘ஏ போட்டி’, அதாவது ஆஸ்டின் ஏ40. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களின் எஞ்சின் கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் இடிக்கும். கிழட்டு எஞ்சின் என்பதால் தாங்கியது. 60களிலும் 70களிலும் இலங்கை இறக்குமதியை இறுக்கிப் பிடித்ததால் புதுக் கார்கள் வராமல், மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுப் பிழைத்துக் கிடந்தன. கொழும்பின் பழைய கொள்கை, கொழும்பின் புதிய தடையைச் சமாளிக்க உதவியிருக்கிறது!

நமக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷனாகி, பஸ்ஸின் பின்னால் கரி உலையைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் கரிக்கு மரம் இருந்தது. மண்ணெண்ணெய்க்கு?

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூளையைப் புகழ்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். பெரியவர் பேசியது விளக்கைப் பற்றி. ஜாம் போத்தலுக்குள் சொற்ப எண்ணெயும் மெல்லிய திரியுமாக ஒரு விளக்கு; அதைச் சுற்றித்தான் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். காரில் ஊற்றுகிற ஒவ்வொரு போத்தலும் யாரோ ஒரு வீட்டின் இரவு வெளிச்சம். அதனால் கார் வாடகை கேட்டு வந்தவர்களிடம் அவர் முதலில் கேட்டது காசை அல்ல, “எண்ணெய் இருக்கோ?” என்பதைத்தான்.

ஒரு இரவு பக்கத்து ஒழுங்கையில் பிரசவ வலி. அந்த வீட்டில் எண்ணெய் இல்லை. நாலைந்து வீட்டு விளக்குகளை அணைத்து, அடியில் கிடந்ததையெல்லாம் ஒரு வாளியில் ஊற்றிக் கொண்டுவந்தார்களாம். வெள்ளைப் புகையும் கண் எரிச்சலுமாகப் பெரியாஸ்பத்திரி வரை போயிருக்கிறார். “வாசலில எஞ்சினை நிப்பாட்டேல்லை தம்பி. நிப்பாட்டினால் திரும்ப எடுக்க இன்னொரு மூடி வேணும். அது என்னட்ட இல்லை.” அவளைக் கைத்தாங்கலாக இறக்கும்போதும் இவர் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தபடியே இருந்திருக்கிறார். குழந்தை பிறந்த செய்தி மறுநாள்தான் கிடைத்ததாம்.

அந்த ஏ போட்டி பிழைத்ததா என்று கேட்டேன். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஆயிலில் இறங்கி அதைத் தண்ணீராக்கிவிடும், பேரிங் தேயும். 95 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கார் வீட்டு முற்றத்தில் நின்றது. சாவி பல காலம் அவரிடம் இருந்ததாம்.

பேச்சு முடிந்து கிளம்பும்போது என் பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது கார்பரேட்டரோ, மற்றதோ?”

“எஃப்ஐ, ஐயா.”

“அப்ப ஒண்டும் செய்யேலாது. தள்ளுங்கோ.”