வாதவூரரும் சம்பந்தாண்டானும்: அரசவையில் இரு பற்று

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், வாதவூரரான மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிறது. திருவெம்பாவையின் 20 பாடல்களும் அங்கே பிறந்தவை என்பது ஊர் வழக்கு. பெரிய கோயிலுக்குள், ராஜகோபுரத்தைத் தாண்டியதும், கம்பத்து இளையனார் சன்னதி. அருணகிரிநாதர் பாட, முருகன் தூணில் வெளிப்பட்ட இடம் அது. அந்தக் காட்சிக்குக் காரணமான சவாலை விட்டவன் சம்பந்தாண்டான். வாதவூரர் பாண்டியனுக்குத் தென்னவன் பிரமராயனாக இருந்தவர். சம்பந்தாண்டான் பிரபுடதேவராயனின் அவையில் செல்வாக்கோடு இருந்த தேவி உபாசகன். அந்த அரசனை 1422 முதல் 1446 வரை ஆண்ட விசயநகரத்து இரண்டாம் தேவராயராகக் கொள்வது வழக்கம். வாதவூரர் நால்வருள் ஒருவராக வணங்கப்படுகிறார். சம்பந்தாண்டானோ பிறர் கதையில் குறுக்கே வருபவனாக மட்டும் நிற்கிறான். புராணமும் செவிவழிக் கதையும் சொல்கிறபடியே இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேற்றுமை அல்ல, ஒற்றுமை.

இருவருக்கும் எசமானர் இருவர். பகலெல்லாம் அரசன், உள்ளுக்குள் தெய்வம். இருவரும் அரசனிடம் பெற்ற நம்பிக்கையைத் தம் தெய்வத்தின் பக்கம் திருப்பினார்கள். இருவர் கதையிலும் அதன் விலையை அரசனும் கொடுக்க நேர்ந்தது.

வாதவூரர் மீதான குற்றத்தை நேராகவே பார்ப்போம். குதிரை வாங்கக் கொடுத்த பணம் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குப் போயிற்று. எந்தக் கருவூலக் கணக்கிலும் அது கையாடல்தான். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்து சேரும் என்று அரசனுக்கு உறுதி சொன்னவரும் அவரே. இறைவன் கட்டளைப்படி சொன்னார் என்பது பக்தருக்குச் சமாதானம். கொட்டடியில் காத்திருந்த அரசனுக்கு அல்ல.

சம்பந்தாண்டான் பக்கத்து நியாயத்தையும் அப்படியே பார்ப்போம். அரசன் புதிதாக ஒருவரை, அருணகிரிநாதரை, நாடத் தொடங்குகிறான். அவரோ கட்டற்ற இளமை வாழ்வை வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்து, முருகனால் தாங்கப்பட்டவர் என்று பேசப்படுகிறவர். 'உம் தெய்வத்தை அரசர் காணக் காட்டும்' என்று கேட்பது தவறா? அரசனை யாரும் ஏமாற்றிவிடாமல் காப்பது பக்கத்திலிருப்பவன் கடமை. உண்மை அறியாத மன்னனுக்கும் உறுதியானதை எடுத்துச் சொல்வது அமைச்சின் கடன் என்பதே வள்ளுவர் வகுத்த நெறி. முதல் சவால் வரை சம்பந்தாண்டான் அந்த நெறிக்குள்தான் நிற்கிறான். வாதவூரரோ முதல் அடியிலேயே அதைத் தாண்டிவிட்டார்.

இரு கதைகளும் உருமாற்றத்தில் திரும்புகின்றன. மதுரையில் நரிகள் பரிகளாயின. அண்ணாமலையில் அருணகிரியார் கிளியானார். மதுரையில் இரவோடு இரவாகப் பரிகள் பழைய உருவுக்குத் திரும்பி, கொட்டடியில் இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறின. அண்ணாமலையில் கிளி பழைய உடலுக்குத் திரும்ப முடியவில்லை; உடல் எரிந்துபோயிருந்தது. திரும்பிய உருவம் வாதவூரரைத் தண்டனைக்கு ஆளாக்கியது. திரும்ப வழியில்லாத உருவம் சம்பந்தாண்டானின் சூதை அம்பலமாக்கியது.

அரசன் உடம்பிலும் இரு கதைகளும் தடம் பதித்தன. வைகைக் கரையில் கூலியாளாக வந்து பிட்டுக்கு மண் சுமந்த சிவன் முதுகில் விழுந்த பிரம்படி பாண்டியன் முதுகிலும் விழுந்தது. அந்த வலியில் அவனுக்கு உண்மை தெரிந்தது. தூணில் தோன்றிய பேரொளியில் பிரபுடதேவராயனின் பார்வை போயிற்று. தெய்வத்தைக் கண்ட கணமே உலகம் மறைந்தது. பாண்டியன் வலியால் தெளிவு பெற்றான். பிரபுடதேவராயன் காட்சியால் இருளில் விழுந்தான்.

சம்பந்தாண்டான் நெறி தவறுவது இங்கேதான். பார்வையிழந்த அரசன் பக்கத்திலிருப்பவன் கண்ணால்தான் பார்க்க முடியும். தேவலோகத்துப் பாரிசாதம் வந்தால் பார்வை திரும்பும், அதை அருணகிரியால்தான் கொண்டுவர முடியும் என்கிறான் சம்பந்தாண்டான். கேட்க அரசன் மீதுள்ள அக்கறை போலவே இருக்கிறது. அருணகிரியார் தம் உடலைக் கோபுரத்தில் விட்டு, இறந்த கிளியின் உடலில் புகுந்து பறக்கிறார். கிடந்த உடலைக் காட்டி, 'இறந்துவிட்டார்' என்று சொல்லி எரிக்கச் செய்கிறான் சம்பந்தாண்டான். உடலில் மூச்சில்லை என்பது பொய்யல்ல. மூச்சு எங்கே போயிருக்கும் என்பதை அவன் அரசனுக்குச் சொல்லவில்லை. அரசனுக்கு அருகிலிருப்பவர் கைக்கு எட்டும் மிகக் கொடிய ஆயுதம் இதுவே: பாதி உண்மை. கேடு நினைக்கும் மந்திரி ஒருவன் பக்கத்தில் இருப்பதைவிட எழுபது கோடிப் பகைவர் மேல் என்று வள்ளுவர் கணக்கிட்டது இத்தகையவனை எண்ணித்தான்.

அப்படியென்றால் சம்பந்தாண்டானின் பக்தி வேடமா? கதை அப்படிச் சொல்லவில்லை. இந்த ஒப்பீட்டில் எதிர்பாராத இடம் இது. முதல் சவாலின்போது, முருகன் போகாதபடி மடியில் பிடித்து வைத்திரு என்று அவன் வேண்ட, அம்பிகை அவனுக்காக மகனை அணைத்துக்கொண்டாள். அருணகிரியாரின் பாட்டில் எல்லாம் ஆடத் தொடங்கிய பிறகே பிடி தளர்ந்தது. அதாவது தெய்வம் அவன் குரலுக்கும் செவிசாய்த்தது, வாதவூரர் குரலுக்குச் செவிசாய்த்தது போலவே. பக்தியின் அளவை வைத்து இருவரையும் பிரிக்க முடியாது.

பிரிப்பது, எதைக் கொடுத்து எதைக் காத்தார்கள் என்பது. வாதவூரர் தெய்வத்துக்காகப் பதவியைச் செலவிட்டார். சம்பந்தாண்டான் பதவிக்காகத் தெய்வத்தைச் செலவிட்டான். ஒருவர் தம் செயலின் விளைவை வைகையின் சுடுமணலில் நின்று தம் உடம்பில் வாங்கிக்கொண்டார். மற்றவன் தன் செயலின் விளைவை இன்னொருவர் உடம்பின் மேல் ஏற்றி, அதற்குத் தீயும் வைத்தான். பாண்டியன் பிழை உணர்ந்து வணங்கியபோதும் வாதவூரர் பதவிக்குத் திரும்பவில்லை. விலகி வந்தவர் அண்ணாமலையில் பாடியதாகச் சொல்லப்படும் பாவையில் அரசனும் இல்லை, அமைச்சனும் இல்லை. மார்கழி விடியலில் ஒருவரையொருவர் எழுப்பும் பெண்களின் குரலே இருக்கிறது. சம்பந்தாண்டான் அரசனின் காதை விட்டு விலக மனமில்லாதவன்; அவனுக்கென்று ஒரு குரல் இந்த ஊரில் மிஞ்சவில்லை. அவன் அழிக்க நினைத்தவரின் அடையாளமோ கிளி கோபுரத்தில் சுதைக் கிளியாக நிற்கிறது.

அரசனுக்கு அருகிலிருப்பவருக்கு இன்னொரு பற்று இருப்பதே துரோகம் என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் வாதவூரரையும் தள்ள வேண்டிவரும். இரண்டு பற்றும் மோதும் நாளில் அந்த மோதலின் விலையை யார் தலையில் கட்டுகிறார் என்பதே அளவுகோல். தன் நாற்காலியையும் தன் உடம்பையும் பணயம் வைப்பவரை அவர் செய்த பிழையோடும் ஏற்கலாம். அடுத்தவர் உயிரைப் பணயம் வைப்பவரை, அவர் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், ஏற்க முடியாது.