ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம்

1949 மே 23-ஆம் தேதி பான் நகரில் பிரகடனம் செய்யப்பட்டு, இன்று ஜெர்மனி முழுமைக்கும் உரியதாக விளங்கும் அரசியல் சாசனம். ஒரு குடியரசு தன் சாசனத்தின் வாசகங்களைக் கொண்டே அழிக்கப்பட்டதைக் கண்ணாரக் கண்டவர்கள், அந்த அனுபவத்தை மனத்தில் இருத்தி இதனை இயற்றினார்கள் என்பதே இதன் தனிச்சிறப்பு.

1919-ஆம் ஆண்டின் வைமர் சாசனம் பிரஜைகளின் உரிமைகளை விரிவாகவே வகுத்திருந்தது. ஆயினும் அதன் 48-ஆம் ஷரத்து, பொது அமைதிக்குப் பங்கம் நேரும் காலத்தில் அவற்றுள் முக்கியமானவற்றை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளித்தது. 1933 பிப்ரவரி 27-ஆம் தேதி இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிய, மறுநாளே குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அந்த ஷரத்தின்படி பிறப்பித்த அவசரச் சட்டத்தால் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, தபால் இரகசியம், வீட்டின் பாதுகாப்பு ஆகிய யாவும் ஒரே கையெழுத்தில் பறிபோயின. மார்ச் 23-ஆம் தேதி, கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் சபைக்கு வரவொட்டாமல் தடுக்கப்பட்டிருக்க, சீருடை அணிந்த நாஜிப் படையினர் சூழ்ந்து நிற்க, சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் மந்திரிசபையிடமே ஒப்படைக்கும் மசோதா 444 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து வாக்களிக்கும் தீரம் சமூக ஜனநாயகக் கட்சியினர் 94 பேருக்கே இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை என்னும் விதி கணக்களவில் நிறைவுற்றபடியால், அக்கிரமம் சட்டத்தின் உருவத்தோடு அரங்கேறியது.

ஆகவே புதிய சாசனம் வகுப்பதற்காக 1948 செப்டம்பரில் கொன்ராட் அடேனவர் தலைமையில் கூடிய 65 பேர் கொண்ட சபை, சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கே எல்லை வகுத்தது. 79-ஆம் ஷரத்தின்படி, திருத்த விரும்புவோர் சாசனத்தின் வாசகத்தையே வெளிப்படையாக மாற்ற வேண்டும். இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். இவை யாவும் கைகூடினாலும் மனித மாண்பு, ஜனநாயகம், கூட்டாட்சி முதலிய மூலதத்துவங்களைத் தீண்டலாகாது. இச்சாசனத்தின் ஜீவநாடி இதுவேயாகும். இக்கருத்தை டீட்ரிச் கான்ராட் என்னும் ஜெர்மானியச் சட்ட அறிஞர் 1965-இல் காசி இந்து பல்கலைக்கழகத்தில் எடுத்துரைத்தார். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், சாசனத்தின் அடிப்படை அமைப்பைப் பாராளுமன்றம் மாற்றவியலாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவருடைய எழுத்தும் எடுத்தாளப்பட்டது.

மந்திரிசபையைக் கவிழ்க்க விரும்புவோர் அடுத்த பிரதமரையும் உடனே தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பது அடிப்படைச் சட்டத்தின் மற்றொரு விதி.

இவ்வரம்புகளைக் காப்பது 1951 முதல் கார்ல்ஸ்ரூஹ நகரில் இயங்கும் சாசன நீதிமன்றம். தம் உரிமை அரசால் மீறப்பட்டதாகக் கருதும் எவரும் அதனிடம் முறையிடலாம். மத்திய அரசுக்கே சொந்தமான தொலைக்காட்சி நிறுவனமொன்றைப் பிரதமர் அடேனவர் நிறுவ முற்பட்டபோது, அது சாசனத்துக்கு விரோதமானது என்று 1961-இல் இந்நீதிமன்றம் தடுத்தது. சாசனம் வகுத்த சபையின் தலைவரே அதன் வரம்புக்குத் தலைவணங்க நேர்ந்த இந்நிகழ்ச்சி, அரசியல் பயில்வோர் அனைவரும் அறியத்தக்கது. எனினும், நீதிபதிகளின் 12 ஆண்டுப் பதவிக் காலமும், அவர்கள் மறுமுறை தேர்ந்தெடுக்கப்படலாகாது என்னும் விதியும் நெடுங்காலம் சாதாரணச் சட்டத்திலேயே இருந்தமையால், வெறும் பெரும்பான்மை பெற்ற எக்கட்சியும் அவற்றை மாற்றிவிடக்கூடிய நிலை நீடித்தது. 2024 டிசம்பரில்தான் இரு சபைகளும் அவற்றைச் சாசனத்துக்குள்ளேயே சேர்த்தன.