பாலைவனம் வெற்று நிலமல்ல

பாலைவனத்தில் வீதி போடுவது மிக எளிது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வெட்டுவதற்குக் காடு இல்லை. நட்டஈடு கேட்பதற்கு வயற்காரரும் இல்லை. வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தால் போதும். ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள மொஹாவி, சொனோரா ஆகிய பாலைவனங்கள் இந்த நம்பிக்கையுடனேயே குறுக்கும் நெடுக்குமாகப் பிளக்கப்பட்டன. இந்த எண்ணத்தை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர், தோட்டக்கலையில் நாட்டம் கொண்ட ஒரு பெண்மணி.

மினெர்வா ஹோய்ற் 1866 இல் மிசிசிப்பியில் பிறந்தவர். பின்னர் கலிபோர்ணியாவின் தென் பசடீனாவில் குடியேறினார். மகனையும் கணவரையும் இழந்த துயரில் அவர் ஆறுதல் தேடிய இடம் பாலைவனம். 1920 களில் அங்கு மோட்டார் வண்டிகள் வந்து சேர்ந்தன. லொஸ் ஏஞ்சல்ஸ் வீட்டு முற்றங்களை அலங்கரிப்பதற்காகக் கள்ளிச் செடிகள் வேரோடு பிடுங்கி ஏற்றிச் செல்லப்பட்டன. இரவில் வழி தெரிவதற்கென்று யோசுவா மரங்களுக்கே தீ மூட்டியவர்களும் இருந்தனர். ஹோய்ற் அம்மையார் பாலைவனச் செடிகளை நியூயோர்க்கிலும் லண்டனிலும் கண்காட்சிகளாக வைத்து மக்களின் கண்ணைத் திறக்க முயன்றார். 1936 ஓகஸ்ட் 10 ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யோசுவா மர தேசிய நினைவுச்சின்னத்தைப் பிரகடனப்படுத்தினார். அயல் மாநிலமான அரிசோனா 1929 இலேயே உள்நாட்டுத் தாவரங்களைக் காக்கச் சட்டம் இயற்றியிருந்தது.

இச்சட்டங்கள் கள்ளிக் கள்வர்களைத் தடுக்க எழுந்தவை. வீதியே கொல்லும் என்ற உணர்வு பிறப்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அதை உணர்த்தியது ஓர் ஆமை.

மொஹாவி ஆமை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கிறது. மழை பெய்தால் வெளியே வந்து குடித்து, அந்த நீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்து, ஓராண்டு வரையிலும் தாக்குப் பிடிக்கும். இனப்பெருக்க வயதை எட்டவே பதினைந்து ஆண்டுகளளவு ஆகும். ஆகவே தாய் ஆமையொன்று சக்கரத்தில் நசுங்கினால், அந்த இழப்பு இலகுவில் ஈடாவதில்லை. வீதியில் செத்துக் கிடப்பவற்றை உண்ண அண்டங்காகங்கள் வருகின்றன. வந்தவை பெருகி, ஓடு இறுகாத ஆமைக் குஞ்சுகளையும் கொத்தித் தின்கின்றன. வண்டி மோதாத ஆமையையும் வீதி கொல்வது இப்படித்தான்.

1990 இல் இந்த ஆமை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கலிபோர்ணியாவின் 58 ஆம் இலக்க வீதியை அகலமாக்கும் வேலை நடந்தது. வீதியோரமாக 24 கிலோமீற்றருக்கு, அடிப்பகுதி மண்ணுள் புதைந்த முழங்கால் உயரக் கம்பிவலை கட்டப்பட்டது. மழைவெள்ளம் செல்லும் மதகுகளே ஆமைகளுக்குச் சுரங்கப்பாதைகளாயின. வேலியிட்ட பகுதியையும் இடாத பகுதியையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வேலியுள்ள இடத்தில் ஆமைச் சடலங்கள் 93 சதவீதம் குறைவு எனக் கண்டனர்.

பின்னர் அப்பகுதியில் வீதி வேலைகளுக்கென்று ஒரு நடைமுறை உருவாகியது. புல்டோசர் இறங்குமுன் உயிரியலாளர்கள் நிலத்தை அடிக்கு அடி தேடுவர். தொழிலாளர் எவரும் ஆமையைத் தூக்கக் கூடாது. பயந்த ஆமை சேமித்த நீரைக் கழித்துவிடும், கோடையில் அதுவே அதன் மரணமாகலாம். நிறுத்திய வாகனத்தை எடுக்குமுன் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். நிழல் தேடி ஆமை அங்கே வந்து கிடக்கும். சோற்றுப் பொதியின் மிச்சத்தைக்கூட மூடிய தொட்டியில்தான் போட வேண்டும், காகம் வரும் என்பதற்காக. வீதித் திறப்பு விழாச் செய்திகள் பலவற்றை எழுதியவன் நான். எத்தனை கோடி, எத்தனை கிலோமீற்றர், நாடா வெட்டியவர் யார் என்பவற்றுக்கு அப்பால் எந்தப் பத்திரிகையும் கேட்டதில்லை. ஆகவே இந்தச் சின்னஞ்சிறு விதிகளை வியப்புடனேயே வாசித்தேன்.

தாவரங்களின் கதை இவ்வளவு நம்பிக்கை தருவதல்ல. பாதையில் நிற்கும் கள்ளிகள் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நடப்படுகின்றன. தெற்கு நோக்கியிருந்த பக்கம் மீண்டும் தெற்கையே நோக்க வேண்டும்; மாறினால் வெயில் படாத தோல் கருகிவிடும். மேல்மண்ணும் வழித்தெடுக்கப்பட்டுப் பின்னர் வீதிக்கரையில் பரப்பப்படுகிறது, விதைகள் அதற்குள் உறங்குவதால். (எம்மூரில் வேலியோரம் காணும் நாகதாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. எங்கு எறிந்தாலும் முளைக்கும் அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கள்ளியும் அப்படியே என்று எண்ணக் கூடாது.) சொனோராவின் சகுவாரோ முதல் எட்டு ஆண்டுகளில் ஓர் அங்குலமளவே வளரும், முதற் கிளை விட அரை நூற்றாண்டுக்கு மேலாகும். இளங்கன்று இடமாற்றத்தைத் தாங்கும். கிளைவிட்ட பெருமரம் சேமித்த நீரால் சில ஆண்டுகள் பசுமையாகவே நின்று, பின்னரே சாயும். அதற்குள் ஒப்பந்தகாரரின் அறிக்கையில் அது பிழைத்த மரமாகப் பதிவாகியிருக்கும். இத்தகைய கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஹூவர் அணைக்கு அருகே 93 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நடந்தது வேறு. பெருங்கொம்புக் காட்டாடுகளின் கழுத்தில் கருவி மாட்டி அவை கடக்கும் இடங்களை முதலில் அறிந்தனர். அவை மலைமுகட்டு வழியே செல்பவை. இருண்ட சுரங்கத்தை விரும்புவதில்லை. ஆகவே 2011 இல் மூன்று மேம்பாலங்கள் ஆடுகளுக்கென்றே அமைந்தன. ஆயிரக்கணக்கான தடவை அவை கடந்து சென்றதைக் கமராக்கள் பதிந்தன.

ஆனால் 2005 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, எல்லைப்புறத் தடைகளையும் வீதிகளையும் அமைக்கையில் ஏனைய சட்டங்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளருக்கு வழங்கியிருந்தது. 2019 இலும் 2020 இலும் அரிசோனாவின் ஓர்கன் பைப் கள்ளிப் பூங்காவின் தென் எல்லையில் மதிலும் அதையொட்டிய ரோந்து வீதியும் அமைக்கப்பட்டபோது அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது. பெரும்பாலான கள்ளிகள் இடம் மாற்றப்பட்டன என்றனர் அதிகாரிகள். புல்டோசர் தள்ளிய சகுவாரோக்கள் துண்டாகிக் கிடந்த படங்களும் அதே மாதங்களில் வெளிவந்தன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதம் மக்கள் சகுவாரோவை மரமென்று சொல்வதில்லை. அவர்களுக்கு அவை மனிதர்கள்.